ஊரைச் சுற்றிப் பல கல்குவாரிகள்: மொத்தப் பாதிப்பைக் கணக்கிட்டுக் கட்டுக்குள் கொண்டுவர முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊரில் மாடியில் மிளகாய் காயப்போடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. முருங்கைக்கீரையை மூன்று தண்ணீரில் அலசினாலும் கடைசித் தண்ணீரின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு நிற்கும். விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கும், அது மண் இல்லை, கருங்கல் பொடி. ஆனால் ஊரைச் சுற்றியுள்ள குவாரிகளின் சுற்றுச்சூழல் அறிக்கைகளை எடுத்துப் படித்தால், ஒவ்வொன்றிலும் தூசி அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறது. எல்லாருமே பொய் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பொறுமையாக உட்கார்ந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொருவரும் தன் குவாரிக்கு மட்டும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் வேலையை யாருமே செய்யவில்லை.

அந்தக் கூட்டல் வேலையை ஊர்க்காரர்களே எப்படிச் செய்வது, செய்த கணக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது, வைத்தபின் என்ன கேட்பது என்பதைத்தான் இங்கே முதலிலிருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கல்குவாரிகளை வைத்து எழுதினாலும், கிராவல், சுண்ணாம்புக்கல், கிரானைட் என்று எந்தக் குழியானாலும் அடிப்படை இதுதான்.

ஏன் தனித்தனியாகப் பார்த்தால் தப்பிவிடுகிறது

ஒரு கற்பனைக் கணக்கு. ஊரில் இப்போதே காற்றில் பி.எம். 10 தூசி (மூச்சோடு உள்ளே போகும், 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்) ஒரு கனமீட்டருக்கு 62 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வையுங்கள். 24 மணி நேரச் சராசரிக்குத் தேசிய வரம்பு 100. புதிதாக வரும் ஒரு குவாரி 7 சேர்க்கும், ஆக 69, வரம்புக்குள் இருக்கிறது, அனுமதி கொடுக்கலாம். இதே மாதிரி ஆறு குவாரிக்காரர்கள் ஒரே வருடத்தில் விண்ணப்பிக்கிறார்கள். ஆறு அறிக்கையிலும் 69 என்றே வரும். ஆனால் ஆறும் ஓட ஆரம்பித்தால் 62 கூட்டல் 42, அதாவது 104. காற்றின் திசையைப் பொறுத்து இது கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான், ஆனாலும் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிகிறதல்லவா? அனுமதி வாங்கிவிட்டு இன்னும் தோண்ட ஆரம்பிக்காத பக்கத்துக் குவாரி, அடிப்படை அளவீட்டிலும் வராது, புதிய குவாரியின் கணக்கிலும் வராது. இந்த இடைவெளியில்தான் ஒரு வட்டாரமே தூசியில் மூழ்குகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள், எல்லாப் பாதிப்பும் ஒரே மாதிரி கூடாது. தூசி நேராகக் கூடும். இரைச்சல் அப்படிக் கூடாது, 52 டெசிபல் தரும் இரண்டு இயந்திரங்கள் சேர்ந்தால் 55 தான் வரும், 104 வராது; ஆனால் குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பே 55 என்பதால் அந்த மூன்று டெசிபலே போதும். வெடி அதிர்வு, வேறு வேறு நேரத்தில் வெடித்தால் கூடவே கூடாது, ஆனால் வீடு ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்பது கூடும். கிணற்று நீர் இறக்கமோ ஒவ்வொரு குழியும் இழுப்பதன் கூட்டுத்தொகை. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் கூட்டத்தில் யாரும் உங்களை வாயடைக்க முடியாது.

சட்டத்தில் உங்களுக்கு இருக்கும் பிடி

2006 செப்டம்பர் 14 அன்று வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் முதல் படிவத்திலேயே, பக்கத்தில் உள்ள அல்லது வரப்போகும் மற்ற திட்டங்களோடு சேர்ந்து வரும் கூட்டுப் பாதிப்பு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு ஒற்றைச் சொல்லில் 'இல்லை' என்று எழுதிப் போன விண்ணப்பங்களை நானே பார்த்திருக்கிறேன்.

சின்னச் சின்னத் துண்டாகக் குத்தகையைப் பிரித்து அனுமதியிலிருந்து தப்பிப்பதை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் தடுத்தது. 5 ஹெக்டேருக்குக் கீழே இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. அடுத்து 2016 ஜனவரி 15 அறிவிக்கை 'கிளஸ்டர்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரே வகைக் கனிமப் பகுதியில் ஒரு குத்தகையின் எல்லையிலிருந்து இன்னொன்றின் எல்லை 500 மீட்டருக்குள் இருந்தால் இரண்டும் ஒரே கிளஸ்டர். மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் முழு மதிப்பீட்டு அறிக்கையும் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் வேண்டும் என்பது 2018 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தந்த உத்தரவுக்குப் பிறகு உறுதியானது.

அந்த 2016 அறிவிக்கையின் பின்னிணைப்பை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளஸ்டர் முழுவதற்கும் அறிக்கை தயாரிக்க வேண்டும், அதில் அந்த வட்டாரத்தின் தாங்குதிறன், போக்குவரத்து, நீர் ஊறுதல், நிலத்தடி நீரியல் ஆய்வு எல்லாம் இருக்க வேண்டும், அதில் சொன்ன தடுப்பு வேலைகள் ஒவ்வொரு குவாரியின் அனுமதியிலும் நிபந்தனையாக ஏற வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. இதைவிடப் பெரிய ஆயுதம் நமக்கு வேண்டியதில்லை. ஒரே ஒரு பலவீனம்: 2016 ஜூலையில் வந்த திருத்தப்படி, 2016 ஜனவரி 15க்கு முன்பே அனுமதி பெற்றவையும் மூன்று வருடமாக ஓடாதவையும் பரப்பளவுக் கணக்கில் வராது. ஆனால் அவற்றையும் வட்டார மேலாண்மைத் திட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்று அதே வரியில் இருக்கிறது. பாதியை மட்டும் படித்துக் காட்டுவார்கள், மீதியை நீங்கள் படித்துக் காட்டுங்கள்.

படி 1: வரைபடம் போடுங்கள்

கிராம வரைபடம், புல வரைபடம், அ-பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணும் யாருடையது, என்ன வகை நிலம் என்று இருக்கும் பதிவேடு) மூன்றும் வேண்டும். வி.ஏ.ஓ. அலுவலகத்திலோ இணையத்திலோ எடுத்துவிடலாம். செயற்கைக்கோள் படத்தில் குழிகள் நன்றாகத் தெரியும். பழைய வருடங்களின் படத்தையும் வரிசையாகப் பாருங்கள், எந்தக் குழி எப்போது தோண்டப்பட்டது, எது பட்டா எல்லையைத் தாண்டிப் புறம்போக்குக்குள் போயிருக்கிறது என்பதெல்லாம் அதிலேயே கிடைக்கும்.

ஓடும் குவாரி, குத்தகை முடிந்த குழி, விண்ணப்பத்தில் இருப்பது, கிரஷர், எம்-சாண்ட் ஆலை, தார்க் கலவை ஆலை, வெடிமருந்துக் கிடங்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கிரஷரை விட்டுவிடாதீர்கள், அது குவாரிக் குத்தகை இல்லை என்பதால் கிளஸ்டர் கணக்கில் வராது, ஆனால் பல இடங்களில் குழியைவிடத் தூசி அதிகம் தருவது அதுதான். அப்புறம் வீடுகள், பள்ளி, அங்கன்வாடி, கோயில், குளம், ஓடை, கிணறுகள்.

ஒவ்வொரு குவாரி எல்லையைச் சுற்றியும் 300 மீட்டர், 500 மீட்டர் கோடு போடுங்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக்கூடாது என்பது 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் இருப்பது. ஆனால் அளக்கும்போது எல்லைக் கல்லிலிருந்து அளக்க வேண்டும், குழியின் நடுவிலிருந்து இல்லை.

படி 2: காகிதங்களைச் சேர்ப்பது

இங்கேதான் நிறையப் பேர் சோர்ந்துபோகிறார்கள், ஆனால் இந்த வேலையை ஒரு தடவை செய்துவிட்டால் பல வருடத்துக்கு உதவும்.

முதலில் கேட்க வேண்டியது '500 மீட்டர் கடிதம்'. குவாரிக்கு விண்ணப்பிப்பவர், தன் இடத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் ஓடுவது எது, காலாவதியானது எது, வரப்போவது எது என்று கனிமவளத் துறை உதவி இயக்குநரிடம் ஒரு பட்டியல் வாங்கி இணைப்பார். ஒவ்வொரு கடிதமும் அந்த ஒரு குவாரியைச் சுற்றி மட்டும் வட்டம் போடும். அ-வின் கடிதத்தில் ஆ இருக்கும், ஆ-வின் கடிதத்தில் இ இருக்கும், ஆனால் அ-வின் கடிதத்தில் இ இருக்காது. இப்படி எல்லாக் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சங்கிலி முழுதாகத் தெரியும். ஒரே மாதத்தில் கொடுத்த இரண்டு கடிதங்களில் ஒன்றில் இருக்கும் குவாரி இன்னொன்றில் காணாமல் போயிருந்தால், அதை அப்படியே குறித்து வையுங்கள்.

அடுத்து, சுரங்கத் திட்டம், மதிப்பீட்டு அறிக்கை, சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம், அதன் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றிக் குவாரிக்காரர் தரும் அரையாண்டு நிறைவேற்ற அறிக்கை. சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பலவும் கிடைக்கும். கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் கேட்பதோடு நிற்காமல் கோப்பை நேரில் பார்வையிட அனுமதியும் கேளுங்கள். பார்வையிடப் போனால்தான் என்ன இருக்கிறது என்றே தெரியும், என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியான நகலைக் கேட்க முடியும்.

மூன்றாவது, மாவட்ட ஆய்வு அறிக்கை. எந்தத் தாலுகாவில் என்ன கனிமம், எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்பதற்கான அடிப்படை ஆவணம் இது. வரைவை மாவட்ட இணையதளத்தில் 21 நாள் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். இது வெளியாகும்போது ஊரில் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நூறு பேர் திரண்டு போவதைவிட, இந்த 21 நாளுக்குள் ஆறேழு பேர் உட்கார்ந்து எழுதி அனுப்பும் மனு சில சமயம் அதிகப் பலன் தரும், ஏனென்றால் குத்தகைக்கு இடம் தேர்வதே இதிலிருந்துதான் தொடங்குகிறது.

படி 3: நீங்களே அளங்கள்

அறிக்கையில் இருக்கும் அடிப்படை அளவீடுகள் பொதுவாக மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்துக்கு மட்டும் எடுத்தவை. ஊர் வருடம் முழுக்க அளக்கலாம். அதனால் இந்தப் படிக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

*கிணறு.* நாங்கள் முதல் தடவை மனு கொடுத்தபோது குவாரியை ஒட்டிய முப்பது கிணறுகளின் அளவை எழுதிக்கொண்டு போனோம். அதிகாரி ஒருவர் அமைதியாக, "இந்த வருஷம் மழையே இல்லையே, எல்லா ஊர்லயும்தானே தண்ணி இறங்கியிருக்கு" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. நான்கு மாத உழைப்பு ஒரு கேள்வியில் போய்விட்டது, அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசவில்லை. அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்: குவாரியிலிருந்து 250 மீட்டர், 500 மீட்டர், 1 கிலோமீட்டரில் நான்கு நான்கு கிணறுகள் எடுத்தால், நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி, அதே மாதிரி மண், அதே மாதிரிப் பாசனம் உள்ள மூன்று கிணறுகளை ஒப்பீட்டுக்காகக் கட்டாயம் எடுங்கள். மழை இல்லாமல் இறங்கினால் எல்லாம் சேர்ந்து இறங்கும். பக்கத்துக் கிணறுகள் மட்டும் வேகமாக இறங்கினால் காரணம் வேறு.

அளக்கும் முறை எளிது. கிணற்றுக் கட்டையில் ஒரு இடத்தில் பெயிண்டால் கோடு போடுங்கள், எப்போதும் அங்கிருந்துதான் அளக்க வேண்டும். நைலான் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு கனமான கல். கல் தண்ணீரைத் தொடும்போது 'களக்' என்று கேட்கும், அங்கே கயிற்றை விரலால் பிடித்து மேலே இழுத்து அளவெடுங்கள். விடிகாலையில், அக்கம்பக்கத்தில் யாரும் மோட்டார் போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். 15 நாளுக்கு ஒரு முறை, நோட்டில் தேதி, நேரம், அளவு, அந்தப் பதினைந்து நாளில் பெய்த மழை, அளந்தவர் கையெழுத்து. பள்ளிப் பிள்ளைகளிடம் கிணற்று வேலையைக் கொடுக்க வேண்டாம், பெரியவர்கள் இரண்டு பேராகப் போங்கள்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடும்பாறை நிலம், இங்கே தண்ணீர் மேல் மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும்தான் ஓடுகிறது. அறிக்கையில், நிலத்தடி நீர் 60 மீட்டரில் இருக்கிறது, குழி 40 மீட்டர்தான், அதனால் பாதிப்பில்லை என்று எழுதியிருப்பார்கள். வெடிப்பு வழியாக வரும் தண்ணீருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. சித்திரை வைகாசியில், மழை பெய்து பல வாரம் கழித்தும் குழியிலிருந்து தினமும் மோட்டார் போட்டுத் தண்ணீர் வெளியேற்றிக்கொண்டே இருந்தால், குழி ஊற்றைத் தொட்டுவிட்டது என்று பொருள். வெளியே சாலையில் நின்று தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

*லாரி.* இதற்குக் கருவியே வேண்டாம். சுரங்கத் திட்டத்தில் ஆண்டு உற்பத்தி இருக்கும். ஒரு குவாரிக்கு வருடம் 1,20,000 கனமீட்டர், 300 வேலை நாள் என்று வைத்தால் நாளைக்கு 400 கனமீட்டர். கருங்கல் கனமீட்டருக்குச் சுமார் 2.6 டன், ஆக 1,040 டன். டிப்பருக்கு 20 டன் ஏற்றினால் 52 நடை, போக வர 104. இந்த மாதிரி எட்டுக் குவாரி ஒரே ஊர்ச்சாலையைப் பயன்படுத்தினால் 832 தடவை லாரி கடக்கும். பத்து மணி நேரத்தில் என்றால் 43 வினாடிக்கு ஒரு டிப்பர். எட்டு அறிக்கையிலும் 'போக்குவரத்து நெரிசல் சிறிதளவே' என்று இருக்கும். இந்த 43 வினாடியைச் சொன்னால் கூட்டத்தில் யாருக்கும் விளக்கமே வேண்டியிருக்காது.

காகிதக் கணக்கோடு நிற்காமல் உண்மையிலும் எண்ணுங்கள். வாரத்தில் இரண்டு நாள், காலை 6 முதல் மாலை 6 வரை, மணிக்கு ஒரு கட்டம். தார்ப்பாய் போட்டது எத்தனை, போடாதது எத்தனை, பள்ளி நேரத்தில் எத்தனை என்று தனித்தனியாக. எண்ணிக்கை, அனுமதித்த உற்பத்திக்குத் தேவையான நடையைவிட அதிகமாக இருந்தால் அது இன்னொரு கதை, நடைச்சீட்டுகளோடு (ஒவ்வொரு லோடுக்கும் தரும் அனுமதிச் சீட்டு) ஒப்பிட்டுக் கனிமவளத் துறையிடம் தனியாகக் கேட்கலாம்.

*தூசி.* அகல வாய்ப் பாத்திரங்களில் தண்ணீர் ஊற்றி, 300 மீட்டர், 600 மீட்டர், 3 கிலோமீட்டரில் மாடியில் 30 நாள் வைத்து, வற்ற வைத்து எடை போட்டுப் பாருங்கள். நீதிமன்றத்துக்கு இது போதாது, ஆனால் எந்தத் தெருவில் அதிகம் என்பதைக் காட்டிவிடும். இப்போது மலிவான காற்றுத்தர மானிகள் கிடைக்கின்றன. அவை நுண்தூசியை ஓரளவு காட்டும், கல்பொடி மாதிரிப் பெரிய துகளைக் குறைத்துத்தான் காட்டும், அதனால் அதில் குறைவாகக் காட்டினால் நிம்மதி அடைய வேண்டாம். எந்த மணிக்குத் தூசி ஏறுகிறது என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அந்த மணியில் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தை வந்து அளக்கச் சொல்லுங்கள்.

*அதிர்வு.* சுவர் வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். வெடிப்பு நீண்டால் கோட்டைத் தாண்டும், மறுபடி ஒரு கோடு, மறுபடி ஒரு தேதி. எங்கள் ஊரில் ஒரு அம்மா தன் சமையலறைச் சுவரில் இப்படி ஐந்து கோடு போட்டிருந்தார். கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டியபோது அதற்கு எதிராக யாரும் எதுவும் சொல்லவில்லை. வெடிச் சத்தம் கேட்ட நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீடுகளில் குறைந்த அதிர்வெண்ணில் (8 ஹெர்ட்சுக்குக் கீழ்) வினாடிக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் அதிர்வு வரக்கூடாது. இதை அளக்கும் கருவியை உங்கள் வீட்டில் வைத்து அளக்கச் சொல்லிக் கேட்கலாம்.

உடல்நலத்தில் நீங்களாகவே நோயின் பெயரை எழுதாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூச்சுத்திணறல், நாள்பட்ட இருமலோடு வருபவர்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள், குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்பவர்களுக்குச் சிலிக்கோசிஸ் (கல்தூசியால் வரும் நுரையீரல் நோய்) பரிசோதனை முகாம் கேளுங்கள். சிலிக்கா தூசியை அதிகம் வாங்குவது அவர்களின் நுரையீரல்தான், அது பல சமயம் காசநோய் என்று தவறாகப் பார்க்கப்படுகிறது. அவர்களும் நம் ஊர்க்காரர்கள், அந்தக் கூலியில்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கிறது என்பதை ஒருபோதும் மறக்கக்கூடாது. அவர்களைச் சேர்க்காமல் போட்ட கூட்டம் எதுவும் எங்கள் பக்கம் நிலைத்ததில்லை.

படி 4: ஒரே தாளில் கூட்டுங்கள்

ஒரு பெரிய அட்டவணை. இடப்பக்கம் குவாரிகளும் கிரஷர்களும், மேலே தூசி, லாரி நடை, தினசரித் தண்ணீர்த் தேவை, வெடி நேரம், குழி ஆழம், குத்தகை முடியும் தேதி. ஒவ்வொருவர் அறிக்கையில் அவரே எழுதிய எண்ணை அப்படியே போடுங்கள், உங்கள் எண்ணைக் கலக்காதீர்கள். கடைசி வரியில் மொத்தம். அதற்குக் கீழே தேசிய வரம்பு, அதற்கும் கீழே நீங்கள் அளந்தது. குவாரிக்காரர்கள் தந்த எண்களையே கூட்டி வரம்பைத் தாண்டுகிறது என்று காட்டும்போது, யாரும் உங்கள் அளவீட்டைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது.

அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது வேறு சிலதும் கண்ணில் படும். இரண்டு அறிக்கைகளில் ஒரே காற்று அளவீடு, தசமப் புள்ளி வரை மாறாமல் இருக்கும். ஒரே கிணற்றுக்கு இரண்டு ஆழம் இருக்கும். வேறு மாவட்டத்து ஓடையின் பெயர்கூட வந்து உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் பக்க எண்ணோடு குறியுங்கள்.

படி 5: கருத்துக்கேட்புக் கூட்டம்

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும், அதில் ஒன்று தமிழ் நாளிதழ். வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும், சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். நடவடிக்கை முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். முடிவில் பேசியதன் சுருக்கத்தை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்டி, ஒப்புக்கொண்ட பிறகு கையெழுத்திட வேண்டும். நிறையப் பேர் பேசிவிட்டுச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வாசித்து முடிக்கும் வரை இருங்கள், நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள். அனுமதி தரலாமா என்று பார்க்கும் ஆய்வுக் குழு படிப்பது உங்கள் பேச்சை இல்லை, அந்தச் சுருக்கத்தைத்தான்.

'குவாரி வேண்டாம்' என்று முப்பது பேர் சொன்னால் அது ஒரே வரியாகப் பதிவாகும். முப்பது பேரும் ஆளுக்கு ஒரு கேள்வி எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் லாரி, ஒருவர் 14ஆம் பக்கத்துக் கிணறு, ஒருவர் விடுபட்ட கிரஷர், ஒருவர் பள்ளி. ஒவ்வொரு கேள்வியையும் எழுத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். கூட்டத்துக்கு முன்பே கிராம சபையில் தீர்மானம் போட்டு வைப்பதும் நல்லது; ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் இருக்கிறது, அட்டவணையை அங்கே வாசித்துத் தீர்மானத்தோடு இணைத்துவிடுங்கள்.

படி 6: என்ன கேட்பது

இதை முன்கூட்டியே முடிவு செய்யாமல் போனால் 'மரம் நடுகிறோம், ரோட்டுக்குத் தண்ணீர் தெளிக்கிறோம்' என்ற இரண்டு வாக்குறுதியோடு அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு குவாரியும் தனியாகச் செய்ய முடியாத, சேர்ந்தால் மட்டுமே முடியும் வேலைகளைத்தான் கேட்க வேண்டும்.

எனக்குத் தெரிந்து முதலில் கேட்க வேண்டியது மொத்த உற்பத்திக்கு உச்சவரம்பு. இது நடக்காத காரியம் என்பார்கள். கர்நாடகத்தில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பெல்லாரி மாவட்டத்துக்கு வருடம் 2.5 கோடி டன், சித்ரதுர்கா, தும்கூர் மாவட்டங்களுக்குச் சேர்த்து 50 லட்சம் டன் என்று இரும்புத் தாதுவுக்கு வரம்பு வைத்தது. 2014இல் கோவாவுக்கு 2 கோடி டன். சுரங்கம் சுரங்கமாக இல்லாமல் வட்டாரம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வைத்த வரம்பு அது. பெல்லாரி வரம்பு பிறகு உயர்த்தப்பட்டது என்பதும் உண்மை, ஆனால் வட்டாரத்துக்கு மொத்தமாக ஒரு அளவு வைக்கலாம் என்ற வழி அங்கே திறந்துவிட்டது. ஊர்ச்சாலை நாளைக்கு எத்தனை நடை தாங்கும் என்பதை வைத்தே நம் வரம்பைக் கேட்கலாம்.

அப்புறம் வரிசைமுறை. ஒரு குழியை மூடி, வேலி போட்டு முடித்தால்தான் அதே கிளஸ்டரில் அடுத்த குழிக்கு அனுமதி. ஊருக்கு வெளியே எல்லாருக்கும் பொதுவான தார்ச்சாலை, அதன் வாயிலில் டயர் கழுவும் தொட்டி, ஒரே எடைமேடை, தார்ப்பாய் இல்லாமல் வெளியே விடாத ஒரு காவலர். பள்ளி தொடங்கும், விடும் நேரத்தில் லாரி நிறுத்தம். எல்லாக் குவாரிக்கும் சேர்த்து ஒரே வெடி நேர அட்டவணை, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். ஊருக்குள் நிரந்தரமாக ஒரு காற்றளவு நிலையம், செலவைக் குவாரிகள் உற்பத்திக்கு ஏற்றபடி பகிர வேண்டும். கிணற்று அளவு ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே போனால் எந்தெந்தக் குழியில் வேலையை நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. கடைசியாகச் சொன்னது முக்கியம், ஏனென்றால் பாதிப்பு வந்தபின் யாரால் வந்தது என்று நிரூபிக்கச் சொல்வார்கள், எட்டுப் பேரும் மற்ற ஏழு பேரைக் கை காட்டுவார்கள்.

மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியையும் மறக்காதீர்கள். 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்காகவே கொண்டுவந்த நிதி அது. எந்த ஊரில் எதற்குச் செலவானது என்று கேட்டு வாங்குங்கள், குடிநீரும் உடல்நலமும் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கின்றன.

படி 7: அனுமதி வந்த பிறகு

பெரும்பாலான ஊர்கள் இங்கே நின்றுவிடுகின்றன. அனுமதி வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அனுமதிக் கடிதத்தில் பக்கம் பக்கமாக நிபந்தனை இருக்கும், அதைத் தமிழில் எளிமையாக எழுதி ஊர்ச்சாவடியில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வருடமும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் குவாரிக்காரர் நிறைவேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். அவர் எழுதியதையும் உங்கள் நோட்டையும் ஒப்பிட்டு, அதே மாதத்தில் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள். கோபமாக எழுத வேண்டாம், நிபந்தனை எண், அவர் சொன்னது, நாங்கள் பார்த்தது, படம், அவ்வளவு போதும்.

கிளஸ்டரைக் கணக்கில் எடுக்காமல் அனுமதி கொடுத்திருந்தால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். 30 நாள்தான் கெடு, தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள், அதற்கு மேல் கதவு மூடிவிடும். அதனால் விண்ணப்பத்தில் இருக்கும் குவாரிகளின் நிலவரத்தை வாரம் ஒரு தடவை பரிவேஷில் பார்க்க ஒருவரை நியமியுங்கள், படித்த பிள்ளைகளுக்கு அது பத்து நிமிட வேலை.

பாதுகாப்பு பற்றி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில், சட்டவிரோதக் குவாரிகள் பற்றிப் புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி லாரி மோதி இறந்தார். அது கொலை வழக்காகி சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. தனி ஒருவர் பெயரில் எதுவும் போகக்கூடாது. மனுக்கள் ஊராட்சி, கிராம சபை, விவசாயிகள் சங்கம் பெயரிலும், குறைந்தது பத்துப் பேர் கையெழுத்தோடும் போகட்டும். நோட்டுகளின் நகல் மூன்று வீட்டில் இருக்கட்டும். குழிக்குள் இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். 2022 மே மாதம் திருநெல்வேலி அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்த மாதிரி, ஆழமான குழிச்சுவர் எப்போது விழும் என்று உள்ளே நிற்பவருக்குத் தெரியாது.

படி 8: குழி மூடும் நாள்

குத்தகை முடியும் தேதியை அட்டவணையில் எழுதச் சொன்னது இதற்காகத்தான். முடிவதற்கு ஒரு வருடம் முன்பே, சுரங்கத் திட்டத்தில் மூடல் பற்றி என்ன ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துவைத்துக் கேளுங்கள். வேலி, சரிவைப் படிப்படியாக வெட்டுவது, எச்சரிக்கைப் பலகை. இல்லையென்றால் கோடை விடுமுறையில் குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கு அந்தக் குழிதான் எமன்.

மூடிய குழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் கிளஸ்டராகப் பார்த்தால் ஒரு நல்லதும் செய்யலாம். 2017 வறட்சியில் சென்னைக் குடிநீர் வாரியம், மாங்காட்டை ஒட்டிய சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தது. நம் ஊரிலும் எந்தக் குழிக்கு எந்த ஓடையிலிருந்து மழைநீர் வரும், உள்ளே கழிவோ குப்பையோ கொட்டாமல் யார் பார்த்துக்கொள்வது, எந்தக் குழி தண்ணீருக்கு, எது மண் நிரப்பி மேய்ச்சலுக்கு என்று வரைபடத்தில் இப்போதே குறித்துவிடலாம். எங்கள் ஊரில் முதல் குழிக்குக் குத்தகை முடிய இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. வடக்கு ஓடையிலிருந்து அதற்கு வாய்க்கால் வெட்ட மட்டம் பார்க்கும் வேலையைப் போன வாரம்தான் ஆரம்பித்திருக்கிறோம்.